எலிகள் சவுனாவுக்குப் போன நாள்

“அந்த லீவு நாள்ல எலிங்கல்லாம் எங்க இருந்துச்சு, ரைலி?” என்று சைமி ஒருமுறை கேட்டாள்.

“கூண்டுலதான்,” என்றாள் ரைலி.

அது பொய் இல்லை. எலிகள் கூண்டில்தான் இருந்தன. கூண்டுகள் எங்கே இருந்தன என்று சைமி கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் ஃபின்லாந்தின் குவோப்பியோவில் கிடையாது. கேட்டதற்கே நேராகப் பதில் கிடைக்காத ஊர் அது. சந்தையில் மீன் புதுசா என்று கேட்டால், “ஏரியில இருந்தப்போ புதுசாத்தான் இருந்துச்சு” என்பார்கள். பஸ் வருமா என்று கேட்டால், “இதுவரைக்கும் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு” என்பார்கள். அதனால் சைமிக்கும் சந்தேகம் வரவில்லை. அவளும் அந்த ஊர்க்காரிதான்.

ரைலி டொசவைனன் மூளை ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில் இருபத்திரண்டு வருடங்களாக எலிகளைப் பார்த்துக்கொள்கிறவள். பள்ளியைப் பதினைந்து வயதில் விட்டவள். பதினொரு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு. பதினைந்தில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதையாக மேடையேறி, “பயப்படாதீர்கள்” என்று சொல்லி முடிப்பதற்குள் விழுந்து, விழும்போது மாட்டுக்கொட்டகையின் ஒரு சுவரையும் சூசையப்பரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. நாலு பேர் முன்னால் எழுந்து நிற்கவும் இல்லை. எலிகள் முன்னால் நிற்பதில் அவளுக்குக் கூச்சம் இல்லை. காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை என்று ஒன்பது வருடங்களாக ஒரு வலிப்பும் வராமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் வந்தவை மொத்தம் இருநூற்றுப் பதினொன்று. எண்ணி வைத்திருந்தாள்.

அவள் பார்த்துக்கொள்ளும் எலிகளுக்கும் வலிப்புதான் வேலை. ஊசி போட்டு வலிப்பு வரவழைப்பார்கள். வலிப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் மூளைச்செல்களுக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்த மரபணுக்கள், தீ விபத்து மணி அடித்த அடுக்குமாடி மாதிரி ஒவ்வொன்றாக விளக்கைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடும். சில மரபணுக்கள் செல்லைக் காப்பாற்றப் பார்க்கும், சில கையை விரித்துவிடும். நாலைந்து நாள் கழித்து, நினைவைச் சேர்த்து வைக்கிற பகுதியில் கொத்துக்கொத்தாகச் செல்கள் செத்துக் கிடக்கும். எந்த மரபணு எழுந்தால் எத்தனை செல் பிழைக்கிறது என்பதுதான் சைமி ரௌத்தியைனனின் முனைவர் பட்ட ஆய்வு. நான்கு வருடமாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, உயிரோடு இருக்கும் செல்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். மருந்து கொடுக்காத எலிகளை நவம்பரில் முடித்தாயிற்று. புது மருந்து தின்ற பன்னிரண்டு எலிகளுக்கு ஜனவரி ஏழாம் தேதி ஊசி.

ஜனவரி ஆறு மூன்று ராஜாக்கள் திருநாள், விடுமுறை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. ரைலி காலை எட்டு மணிக்குத் தீனி போட வந்து மூன்றாம் அறையைத் திறந்தால், உள்ளே நாலு டிகிரி. சூடேற்றி இரவில் எப்போதோ நின்றுபோயிருந்தது. கூண்டுக்கு இரண்டாக ஆறு கூண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு எலியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரே உரோமத் தொப்பி போலச் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தன.

பழுது பார்ப்பவனுக்குப் போன் செய்தாள்.

“எப்ப வருவ?”

“பன்னெண்டு மணிக்குள்ள வந்தாலும் வருவேன்.”

“வரலைன்னா?”

“அப்ப வரலைன்னு தெரிஞ்சுரும்ல.”

மற்ற அறைகளில் வேறு பேராசிரியர்களின் எலிகள். கலந்தால் நோய் தொற்றும், கூடாது. மாடிக்குக் கொண்டுபோகவும் கூடாது. அடித்தளத்தில் சூடாக்கக்கூடியதாக ஒரே ஒரு அறைதான் மிச்சம். நடைக்கு எதிர்ப்பக்கம், ஊழியர்கள் வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து வியர்க்கும் நீராவி அறை, சவுனா. வேறு நாட்டில் வேறு யாராவது கம்பளியைத் தேடியிருப்பார்கள். ரைலிக்குக் குளிர் என்றால் சவுனா, அதற்குமேல் யோசிக்க அதில் என்ன இருக்கிறது? கல் அடுக்கிய அடுப்பின் திருகியை ஆகக் குறைந்த அளவில் வைத்தாள். முப்பது டிகிரி ஆனதும் ஆறு கூண்டையும் கீழ்ப்பலகையில் வரிசையாக வைத்துவிட்டு, பழுது பார்ப்பவனை மறுபடி திட்டுவதற்கு மாடிக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கட்டடக் காவலாளி வெய்க்கோ, வாசலில் பனி தள்ளிவிட்டு விரல் விறைத்துப்போய்க் கீழே இறங்கி வந்தான். சவுனாவில் விளக்கெரிவதைப் பார்த்தான். உடுப்போடு உள்ளே நுழைந்து மேல்பலகையில் உட்கார்ந்தான். கீழே பன்னிரண்டு எலிகள் அவனைப் பார்த்தன.

“காலை வணக்கம்,” என்றான். பிறகு தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, “இது சவுனாவா, கஞ்சி ஆற வச்ச அடுப்படியா? உங்களுக்கு மரியாதை இவ்வளவுதானா?” என்று எலிகளைக் கேட்டான். எட்டித் திருகியைக் கொஞ்சம் முறுக்கினான். முறுக்கிய கை அதோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சவுனாவில் உட்கார்ந்த ஃபின்லாந்துக்காரனின் கை அவன் பேச்சைக் கேட்காது. அது தானாகவே நீண்டு, வாளியிலிருந்து கரண்டியை எடுத்து, கனன்ற கற்களின் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டது.

இருபது நிமிடம் கழித்து ரைலி திரும்பி வந்தபோது, பன்னிரண்டு எலிகளும் காதும் வாலும் சிவந்து, காலைப் பரப்பிக்கொண்டு கூண்டில் சாய்ந்து கிடந்தன. வெய்க்கோவும் கிட்டத்தட்ட அதே நிலையில் இருந்தான்.

“என்னடா பண்ணின?”

“நான் ஒண்ணும் பண்ணல. ஒரு கரண்டி.”

“ஒரு கரண்டியா?”

“மூணுன்னும் வச்சுக்கலாம்.”

எலிகள் தண்ணீர் குடித்தன, எழுந்தன, நன்றாகத் தின்றன. பன்னிரண்டு மணிக்குச் சூடேற்றி சரியானது. கூண்டுகள் மூன்றாம் அறைக்குத் திரும்பின. மறுநாள் ஊசி, வலிப்பு, எல்லாம் அட்டவணைப்படி. ஆராய்ச்சி எலியைச் சவுனாவுக்குக் கூட்டிப்போனதாக யாராவது எங்கேயாவது பதிவு செய்வார்களா? ரைலி செய்யவில்லை. குளித்ததால் கெட்டுப்போனவர் யாரும் இல்லை என்று அவள் நினைத்தாள். அடுத்த வாரம் பழுதுப் பதிவேட்டைப் பார்த்துச் சைமி கேட்டாள். கூண்டில்தான் என்று ரைலி சொன்னாள். அத்தோடு முடிந்தது.

இரண்டு மாதம் கழித்துச் சைமி மைக்ரோஸ்கோப்பிலிருந்து எழுந்து ஓடி வந்து, கையில் தீனி வாளியோடு நின்ற ரைலியைக் கட்டிக்கொண்டு அடித்தளத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“பொழைச்சிருக்கு ரைலி! செல்லுங்க பொழைச்சிருக்கு! மூணு தடவை எண்ணிட்டேன். மருந்து வேலை செய்யுது!”

ரைலிக்குக் கண்ணில் நீர் வந்தது. இருநூற்றுப் பதினொரு வலிப்பில் தன் தலைக்குள் எத்தனை செல் போயிருக்கும் என்று அவள் பல நாள் படுக்கையில் யோசித்திருக்கிறாள். இனி வருகிறவர்களுக்காவது போகாது. அந்த மருந்து வேறு நோய்க்கு ஏற்கெனவே கடையில் விற்பதுதான் என்பதால், பெரியாஸ்பத்திரியில் வலிப்புக்காரர்களுக்கு அடுத்த வசந்தத்தில் கொடுத்துப் பார்க்க ஏற்பாடாகிவிட்டது. நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள். ஒன்பது வருடமாகக் காப்பாற்றிய பழைய மாத்திரையை விட்டுவிட்டுப் புதியதற்கு மாறச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவர்களில் ரைலியும் ஒருத்தி. அந்த ஆய்வை நடத்தும் வேலை சைமிக்கு.

ஆய்வேடு அச்சாகி, வழக்கப்படி பல்கலைக்கழகப் பலகையில் ஆணியடித்து மாட்டப்பட்டது. ஒரு பிரதியைச் சைமி ரைலிக்குக் கொடுத்தாள். ஆங்கிலத்தில் இருந்தது. ரைலி அகராதியை வைத்துக்கொண்டு சமையலறை மேசையில் தினமும் எட்டுப் பக்கம் என்று படித்தாள். பத்தாம் நாள் எழுபத்து நாலாம் பக்கத்துக்கு வந்தாள். மருந்து தின்ற எலிகளில் ஒரு மரபணு அளவுக்கு மீறி விழித்திருந்ததாம். அதுதான் செல்களைச் சாகாமல் காத்ததாம். அதன் பெயர் வெப்ப அதிர்ச்சி மரபணு. உடம்பு சூடேறினால் விழிப்பது, விழித்தால் ஒரு நாள் இரண்டு நாள் செல்லுக்குக் காவல் நிற்பது. இந்த எலிகள் எந்தச் சூட்டுக்கும் ஆளாகாததால், அதை எழுப்பியது மருந்தாகத்தான் இருக்க வேண்டும் என்று சைமி எழுதியிருந்தாள்.

ரைலி அகராதியில் வெப்பம் என்ற சொல்லை இரண்டு தடவை பார்த்தாள். இரண்டு தடவையும் வெப்பம் என்றுதான் இருந்தது.

“சாத்தானே,” என்றாள் ஆளில்லாத சமையலறையில்.

வாய்மொழித் தேர்வு மறுநாள் பன்னிரண்டேகாலுக்கு. அன்று மாலையே நிலையத்துக்கு ஓடினாள். சைமி காப்பி அறையில் நூற்றிருபது பேருக்கு, ரொட்டியும் வெண்ணெயும் அடுக்கி மேலே மீன் வைக்கிற சாண்ட்விச் கேக் செய்துகொண்டிருந்தாள்.

“சைமி, அந்த ஜனவரி எலிங்க...”

“ஆமா! தங்கமான எலிங்க.”

“அதுங்க கொஞ்சம் சூடா இருந்துச்சு.”

“எலின்னா சூடாத்தான் இருக்கும். ரைலி, மேல இறால் வைக்கவா, சால்மன் வைக்கவா?”

“இறாலும் நல்லாத்தான் இருக்கும்.”

“அப்ப இறாலா?”

“சால்மனும் கெட்டதில்ல.”

“உன்கிட்ட கேட்டேன் பாரு! ஒரு விஷயத்த நேரா சொல்ல உனக்கு வராதா?”

ரைலி வாயைத் திறந்தாள். சைமியின் நெற்றியில் வெண்ணெய், கண்ணுக்குக் கீழே கருவளையம், முகமெல்லாம் சிரிப்பு. ரைலி வாயை மூடிக்கொண்டு வெள்ளரிக்காய் நறுக்கினாள். நாற்பது வெள்ளரிக்காய்.

போகும்போது வெய்க்கோவைப் பிடித்தாள்.

“நீ சொல்லுடா. தண்ணி ஊத்துனது நீ.”

“ஊத்துனேன்னும் சொல்லலாம். கரண்டி சாஞ்சிருச்சுன்னும் சொல்லலாம்.”

“நாப்பது பேரு அந்த மாத்திரைய முழுங்கப் போறாங்கடா. நானும் அதுல ஒருத்தி.”

வெய்க்கோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். “அப்ப நீதான் சொல்லணும். கூண்ட உள்ள வச்சது நீ. நான் விருந்தாளி.”

மறுநாள் அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சைமியின் பெற்றோர், அத்தை, மருந்து நிறுவனத்துப் பிரமுகர்கள். மேடையில் கறுப்பு உடையில் சைமி. நடுவில் அவைத்தலைவராகப் பேராசிரியர் லௌனோ ஹில்துனன். எதிரே, ஆய்வேட்டில் ஓட்டை தேடுவதற்கென்றே துர்க்கு நகரிலிருந்து வரவழைக்கப்பட்ட எதிர்வாதி, பேராசிரியர் பிர்கர் ஸ்தென்வால். மேற்குக் கரைக்காரர். ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்று வளர்ந்தவர். தன் உயரமான கறுப்புத் தொப்பியை மேசையில் வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

“இந்தச் செல்களை நீங்களே எண்ணினீங்களா?”

“எண்ணாம விடலைன்னு சொல்லலாம்.”

“ஆமாவா, இல்லையா?”

“ஆமாங்கிற பக்கம்தான் சாயுது, மதிப்புக்குரிய எதிர்வாதி அவர்களே.”

ஸ்தென்வால் தண்ணீர் குடித்தார். இப்படியே இரண்டு மணி நேரம் போனது. முதல் மூன்று அத்தியாயங்களில் சைமி அசையவில்லை. நாலாவதில் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“வெப்பத்துல விழிக்கிற மரபணு. ஜனவரி மாசம் குவோப்பியோவுல அது எப்படி விழிச்சுச்சு? அந்த வாரம் நான் கூட விழிக்கல.”

அரங்கம் சிரித்தது. “மருந்தோட பலம்னும் சொல்லலாம்,” என்றாள் சைமி. அவர் அவளைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். பன்னிரண்டாவது வரிசையில் ரைலிக்கு வியர்த்தது.

கடைசியில் சைமி அவையை நோக்கித் திரும்பி, மனப்பாடம் செய்த வாசகத்தைச் சொன்னாள். மாண்புமிகு அவையோரில் யாருக்காவது இந்த ஆய்வேட்டின்மேல் ஆட்சேபம் இருந்தால், அவைத்தலைவரிடம் அனுமதி பெற்றுப் பேசலாம். இதற்கு யாரும் எழுந்ததாக அந்தக் கட்டடத்தில் நினைவில்லை. மூன்று மூச்சு அமைதி காப்பார்கள், பிறகு கேக் சாப்பிடப் போவார்கள். கைப்பைகள் திறந்து மூடும் சத்தம் ஏற்கெனவே கேட்க ஆரம்பித்திருந்தது.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. அவள் நாற்பது பேரையும் நினைக்கவில்லை, தன்னையும் நினைக்கவில்லை. நாலாவது அத்தியாயத்தை நம்பிக்கொண்டு இன்னும் முப்பது வருடம் செல் எண்ணப்போகும் சைமியை நினைத்தாள். எழுந்துவிட்டாள். அந்த அரங்கின் நாற்காலிகள், எழுந்தால் தாமாக மடங்குபவை. அது துப்பாக்கி வெடித்ததுபோல் மடங்கியது. நூற்றிருபது தலைகள் திரும்பின.

அவைத்தலைவர் லௌனோ எழுந்தார். விதியை விட்டு அவர் நகரமாட்டார். “ஆட்சேபிப்பவர் தம் பெயரைச் சொல்லவும்.”

“உனக்குத் தெரியுமே, லௌனோ. நான் ரைலி. கீழ இருக்கேன்ல.”

“பெயர் பதிவாகிறது. ஆட்சேபம்?”

ரைலி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “எலிங்க சவுனாவுல இருந்துச்சு.”

ஸ்தென்வால் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“எந்த எலி?” என்றார் ஸ்தென்வால்.

“ஜனவரி எலிங்க. பன்னெண்டும். ஊசிக்கு முந்தின நாளு. அறையில சூடு நின்னுபோச்சு, குளிர்ல செத்துரும்னு நான்தான் கொண்டுபோனேன். இருபது நிமிஷம்.”

“எத்தனை டிகிரி?”

ரைலி பின்னால் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் வெய்க்கோ எழுந்து தொப்பியை எடுத்தான். “நான் வர்றப்ப முப்பது. போறப்ப நாப்பத்தஞ்சு.”

“நாப்பத்தஞ்சா!” முன்வரிசையிலிருந்து சைமியின் அப்பா திரும்பினார். “அது சவுனாவே இல்லையே!”

“எலிங்க, பெரியவரே.”

“எலின்னாலும்!”

“கல்லுல தண்ணி ஊத்துனீங்களா?” இது நடு வரிசையிலிருந்து வேதியியல் பேராசிரியை ஒருத்தி.

“மூணு கரண்டி.”

“பெரிய கரண்டியா, சின்னதா?”

“மரக்கரண்டி. அது பெரிசுன்னும் சொல்லலாம்...”

அரங்கம் இரண்டாகப் பிரிந்தது. மூன்று கரண்டிக்கு எவ்வளவு ஆவி, கீழ்ப்பலகையில் எவ்வளவு, கூண்டின் மூடி கம்பியா பிளாஸ்டிக்கா என்று மரபணு தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே சமயத்தில் பேசினார்கள். லௌனோ மேசையைத் தட்டினார். ஸ்தென்வால் மட்டும் சத்தத்துக்குள் சைமியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது,” என்றாள் சைமி.

மூன்று மணி நேரத்தில் அவள் சொன்ன முதல் நேரான பதில் அது. அரங்கம் அடங்கிவிட்டது.

“நாலாவது அத்தியாயம் அந்த மருந்தைப் பத்தி ஒண்ணும் சொல்லல,” என்றார் ஸ்தென்வால். குரல் தணிந்திருந்தது. “சூடு பட்ட எலியோட மூளைச்செல், வலிப்பைத் தாங்குதுன்னுதான் சொல்லுது. அதுவும் சின்ன விஷயம் இல்ல. ஆனா நீங்க எழுதினது அது இல்ல. திரும்பப் பெறுகிறீர்களா?”

சைமி மேசை விளிம்பைப் பிடித்தாள். முன்வரிசையில் மருந்து நிறுவனத்துப் பிரமுகர்கள் இருவரும் தங்கள் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பெறுகிறேன்.”

மிச்சம் மூன்று அத்தியாயங்களும் நிற்கின்றன, அவற்றுக்காகப் பட்டம் கொடுக்கலாம் என்று எதிர்வாதி தம் தீர்ப்பைப் படித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். இழவு வீட்டில் கைதட்டச் சொன்னால் எப்படித் தட்டுவார்களோ அப்படித் தட்டினார்கள். லௌனோ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வெளியே போனார். வசந்தத்து ஆய்வு போயிற்று, அதோடு சைமியின் வேலையும் போயிற்று.

ரைலி கேக்குக்கு நிற்கவில்லை. பின்படியில் இறங்கி அடித்தளத்துக்குப் போய், நல்ல சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேலை உடுப்பைப் போட்டுக்கொண்டாள். எலிகளுக்குத் தண்ணீர் மாற்றும் நேரம். அரைமணி கழித்து வெய்க்கோ ஒரு தட்டில் கேக்கோடு வந்தான்.

“இறாலும் இருக்கு, சால்மனும் இருக்கு. மேல எல்லாரும் கரண்டிய பத்திதான் பேசுறாங்க.”

“சைமி?”

“நிக்கிறா. கை குலுக்குறா. எதிர்வாதிக்கு ராத்திரி விருந்து வைக்கணுமில்ல, அதுக்கு ஆள் எண்ணுறா.” அவன் கேக்கில் ஒரு துண்டைத் தானே எடுத்துக்கொண்டான். “நீயும் வரணும்.”

“நானா?”

“சபையிலிருந்து ஆட்சேபம் சொன்னவங்களையும் அந்த விருந்துக்குக் கூப்பிட்டே ஆகணும். அதான் முறை. லௌனோ புத்தகத்த எடுத்துக் காட்டிட்டாரு. நூறு வருஷமா யாரும் சொல்லாததால யாருக்கும் ஞாபகம் இல்ல.”

“என் முகத்த அவ எப்படிடா பாப்பா? நான் வரல.”

“அழைப்புக் கார்ட நான் கொண்டு குடுக்குறேன்னேன். வேணாம்னுட்டா.”

“பாத்தியா? கூப்பிட மனசில்ல.”

“இல்லன்னும் சொல்லலாம்,” என்று ஆரம்பித்த வெய்க்கோ, படியில் காலடிச் சத்தம் கேட்டு, தட்டோடு அடுத்த அறைக்குள் நழுவினான்.

சைமிதான். கறுப்பு உடை, உயரக் குதிகால் செருப்பு. அந்தச் செருப்போடு நாலு மாடி இறங்கி வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. வாசலில் நின்றாள். ரைலியின் இரண்டு கையிலும் தண்ணீர்க் குப்பிகள்.

“சைமி, நான் அப்பவே சொல்லியிருக்கணும்,” என்றாள் ரைலி. “நீ கேட்டப்பவே. எனக்குப் பயம். எலிய சவுனாவுக்குக் கொண்டுபோனேன்னு சொன்னா என்னைத் துரத்திருவாங்கன்னு பயம். அப்புறம் நீ செல்லு பொழைச்சுதுன்னு ஆடின, எனக்கும் சந்தோஷம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நேத்துதான் படிச்சேன். நேத்து சொல்ல வந்தேன், வெள்ளரிக்காய் நறுக்கிட்டுப் போயிட்டேன். என் மேலதான் தப்பு. முழுசா என் மேலதான். திட்டணும்னா திட்டு. எனக்கு விருந்து வேணாம், முறைக்காகக் கூப்பிட வேணாம், எங்கிட்ட நல்ல துணி கூட இல்ல...”

வாழ்நாளில் அவள் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது. ஒரு இடத்தில்கூட “அப்படியும் சொல்லலாம்” இல்லை.

சைமி கிட்ட வந்தாள். கையிலிருந்த அழைப்புக் கார்டை நீட்டினாள். ரைலியின் கைகள் நிறைந்திருந்தன. இரண்டு பேரும் குப்பிகளைப் பார்த்தார்கள். பிறகு சைமி ரைலியின் வேலை உடுப்புப் பையைத் திறந்து, கார்டை உள்ளே செருகி, பையின் மூடியை அழுத்தி விட்டாள். எலிக்கூண்டு வரிசையைப் பார்த்தாள். கடைசிக் கூண்டில் தண்ணீர்க் குப்பி கோணலாக மாட்டியிருந்தது. அதைச் சரிசெய்தாள். திரும்பிப் படியேறிப் போய்விட்டாள்.